கதவில் வரைந்த மாலை

பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை டேனிஷ் மொழியில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். எழுதிப் பார்த்தேன். டேனிஷில் எழுதினால் நான் மிக நல்லவளாகத் தெரிகிறேன். நான் விட்ட பிழைகள் எல்லாம் ‘சவால்கள்’ ஆகிவிடுகின்றன. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் நான்கு பேர் எங்கள் பிள்ளைகள், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள். நான் சொல்லப்போகும் பிழையை டேனிஷ்காரர் ஒருவர் விட்டிருக்கமாட்டார். அது நாங்கள் விடுகிற பிழை. ஆகவே உங்களுக்குத்தான் முதலில் தெரியவேண்டும். மற்றவர்களுக்கு நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

வர்ணம் கலப்பது, தூரிகை கழுவுவது, கொம்யூன் என்கிற நகரசபைக்கு அறிக்கை எழுதுவது எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அவற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: மன்னாரில் பிறந்தேன். எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து, யூலண்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் நின்றுவிட்டு, பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான படிப்பைப் படித்து முடித்தேன். டோஸ்ட்ருப்பில் வீடு. அல்பர்ட்ஸ்லுண்டில் இந்தப் பட்டறை தொடங்கிய நாளில் இருந்து ஓய்வு பெறும்வரை இங்கேதான் வேலை. தாயோ தகப்பனோ சிறையில் இருக்கும் பிள்ளைகள் புதன்கிழமை பிற்பகல்களில் வந்து ஒன்றாகப் படம் வரைவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அதே மேசையில் இருப்பார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு யார் எந்தப் பிள்ளை என்று தெரியாது. வருட முடிவில் எல்லாருடைய வேலையும் நூலகத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் நிற்கும். இதெல்லாம் இன்றும் அப்படித்தான் நடக்கிறது என்று அறிகிறேன்.

இதைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. டேனிஷ்காரி. பெயர் போடுவதை அவர் விரும்பியிருக்கமாட்டார், ஆகவே பொறுப்பாளர் என்றே சொல்கிறேன். நான் சொல்லும் காலத்தில் அவருக்கு எழுபது வயது. எதையும் இரண்டு தரம் சொல்லமாட்டார். அவருக்கு ஒரேயொரு விதி இருந்தது. பெற்றவர் எங்கே இருக்கிறார் என்ற உண்மை தெரியாத பிள்ளையை அந்த மேசையில் இருத்தக்கூடாது. முதலில் வீட்டில் சொல்லவேண்டும், பிறகுதான் பிள்ளை இங்கே வரவேண்டும். நாங்கள் வேறு எவ்வளவோ மாற்றிப் பார்த்திருக்கிறோம், அந்த விதியில் மட்டும் கைவைக்க விடமாட்டார். ஏன் என்று நானும் கேட்டதில்லை. வயது போனவர்களுக்கு இப்படி ஒவ்வொரு பிடிவாதம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் நாட்டில் போர் முடிவதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் சுகந்தி என்னைத் தேடி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. யூலண்டில் உள்ள ஸ்கீவ என்ற சின்ன ஊரில் இருந்து மகளோடு அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவளுடைய கணவன் ஸ்கீவப் பக்கம் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவன். ஒரு பிறந்தநாள் விழாவில் குடித்துவிட்டுக் கார் ஓடி, சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை மோதிவிட்டான். அந்தப் பெண் இறந்துபோனாள். அவனுக்குச் சிறை. யூலண்டில் உள்ள திறந்த சிறை ஒன்றில் இருந்தான். ஸ்கீவயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை இரண்டு கையால் எண்ணிவிடலாம். அங்கே இருந்தால் கடைக்குக்கூடப் போக முடியாது என்று இவள் இங்கே வந்துவிட்டாள்.

கொம்யூன் அவளுடைய மகளைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. மகளின் பெயர் நிவேதா, வீட்டில் நிவி. எட்டு வயது. சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, பிள்ளைக்கு இவர் வன்னிக்குப் போட்டார் எண்டு சொல்லி வச்சிருக்கிறன். இவற்ற தாய், மாமிக்குச் சுகமில்லை, பாக்கப் போனவர், பாதை பூட்டினதால வர ஏலாமல் நிக்கிறார் எண்டு.”

“ஏன் வன்னி?” என்று கேட்டேன்.

“லண்டன் எண்டு சொன்னால் போன் எடுத்துத் தா எண்டு நிப்பாள். கனடா எண்டால் படம் அனுப்பச் சொல்லுவாள். வன்னிக்குப் போன் இல்லைத்தானே அக்கா. பிள்ளை கேக்காது.”

என்ன கெட்டித்தனம் என்று அப்போது எனக்கு உண்மையாகவே வியப்பாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவ்வளவு பேர் சிக்கிக் கிடந்த இடத்தை, தொலைபேசி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு தகப்பனை ஒளித்துவைக்கும் அறையாக நாங்கள் இருவரும் பார்த்தோம்.

“இவர் வெளியில வந்தாப் பிறகு, ஊரால வந்திட்டார் எண்டு சொல்லிப்போடுவன். பிள்ளைக்கு ஒண்டும் தெரியவராது. அந்த டேனிஷ் மனுசிக்கு இது விளங்காது அக்கா. நீங்கள் எங்கட ஆள்தானே. உங்களுக்கு விளங்கும்.”

விளங்கியது. அதுதான் பிரச்சினை. ஒரு வீட்டில் என்ன கறி என்பது மூன்றாம் வீட்டுக்குத் தெரிகிற சனம் நாங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, பெரியபிள்ளையாகி, கல்யாணம் பேசுகிறபோதும் ‘தேப்பன் மறியலுக்குப் போனவன்’ என்ற சிறைக் கதை முன்னுக்கு வந்து நிற்கும். சுகந்தி சொல்லாமலே இவ்வளவும் எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் பொறுப்பாளர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்பா எங்கே என்று பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னதை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

நிவி மெலிந்த பிள்ளை. யோசித்துத்தான் பேசுவாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் என்னை ரெஜினா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இந்த நாட்டில் அதுதானே வழக்கம். இவள் மட்டும் எங்கள் வழக்கப்படி உறவுமுறை வைத்து ‘அன்ரி’ என்பாள். மேசைக்கு மேசை ‘ரெஜினா, ரெஜினா’ என்று இரைச்சலாக இருக்கும்போது ஒரு மூலையில் இருந்து ‘அன்ரி’ என்று ஒரு குரல் வரும். என் வயதில் அது எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வருடம் பிள்ளைகளுக்குக் கதவுகள் கிடைத்தன. பக்கத்தில் பழைய தொடர்வீடுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கழற்றி எறிந்த மரக்கதவுகளைப் பொறுப்பாளர் கேட்டு வாங்கி, என் வான் வண்டியில் ஏற்றிவரச் செய்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். இரண்டு பக்கமும் வரையலாம். என்ன வரைவது என்று நாங்கள் சொல்லக்கூடாது. நிவி தன் கதவில் தகப்பனை ஆள் அளவுக்கு வரையத் தொடங்கினாள். தொழிற்சாலையின் வெள்ளை மேலங்கி, தலையில் நீலத் தொப்பி, காலில் வெள்ளைச் சப்பாத்து. தகப்பனின் உயரத்தைத் தாயிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

“மற்றப் பக்கம் என்ன கீறப்போறாய்?” என்று கேட்டேன்.

“அது அப்பா வந்தாப் பிறகு” என்றாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள், பக்கத்துக் கதவில் வரைந்துகொண்டிருந்த டேனிஷ் சிறுமி அவளிடம் சாதாரணமாகக் கேட்டாள்: “என் அம்மா சிறையில். உன் ஆள் எங்கே?”

“என் அப்பா போருக்குள்ளே இருக்கிறார்” என்றாள் நிவி.

“அங்கே விடுப்புத் தருவார்களா? என் அம்மாவுக்கு மாதத்தில் ஒருதரம் தருகிறார்கள்.”

நிவி தூரிகையை வர்ணத்தில் தோய்த்தாள். “தெரியாது” என்றாள்.

பொறுப்பாளர் இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். “பிள்ளைகள் வெட்கத்தில் இப்படிக் கதை கட்டுவார்கள்தானே” என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு இரவு யோசனை தேவைப்பட்டது. இரண்டாவது ஒரு மூச்சில் வந்துவிட்டது.

மே மாதம் நான்காம் நாள் மாலை இங்கே ஜன்னல்களில் மெழுகுதிரி வைப்பது உங்களுக்குத் தெரியும். ஜேர்மன் படையிடம் இருந்து நாடு விடுபட்ட செய்தி வந்த நாள். அந்த வாரம் பிள்ளைகள் பட்டறை ஜன்னலில் திரிகளை அடுக்கினார்கள். பொறுப்பாளர் நெருப்புப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் ஒருவருடமும் அந்தத் திரியைக் கொளுத்தியதில்லை. நிவி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்ரி, எங்கட சண்டை முடிஞ்சாலும் இப்பிடிக் கொளுத்துவினமோ?”

“கொளுத்துவினம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

இரண்டு கிழமையில் எங்கள் சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்று உங்கள் வீடுகளில் சொல்லியிருப்பார்கள், சொல்லாமலும் விட்டிருப்பார்கள். என் தம்பி குடும்பத்தோடு வன்னியில் இருந்தான். உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்துக்கொண்டே வேலைக்கு வந்துபோனேன். பிள்ளைகளைப் பார்த்தேனே தவிர அவர்களைக் கவனிக்கவில்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை, நடந்தது அது.

போர் முடிந்து பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு புதன்கிழமை, நடையில் நின்று தொலைபேசியில் கதைத்துவிட்டு உள்ளே வந்தேன். பொறுப்பாளர் நிவியின் கதவுக்கு முன்னால் நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

“இங்கே வா, பார். எவ்வளவு அழகான பூக்கள்! உங்கள் ஆட்களுக்கு ஏதாவது விழாவா?”

பார்த்தேன். தகப்பனைச் சுற்றி ஒரு படச்சட்டம் வரைந்திருந்தாள். மண்ணிறச் சட்டம். அதன் இரண்டு மேல் மூலைகளில் இருந்தும் செம்மஞ்சள் பூமாலை ஒன்று வளைந்து தொங்கியது. காலடியில் ஒரு சின்ன விளக்கு. இதழ் இதழாக, அவ்வளவு பொறுமையாகச் செய்திருந்தாள்.

அந்த அறையில் இருந்த இருபது பேரில் அது என்ன படம் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவளுக்கும். உயிரோடு இருக்கிறவனுடைய படத்துக்கு எங்கள் ஆட்கள் மாலை போடுவதில்லை.

நிவி தொட்டியில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“நிவி, அது என்ன?”

“மாலை.”

“ஆருக்கு?”

“அப்பாவுக்கு.” தண்ணீர்க் குழாயை மூடினாள். “வாற ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆக்கள் ஹோலில விளக்குக் கொளுத்துவினம். வன்னியில செத்த ஆக்களின்ர படம் இருந்தால் கொண்டு வரட்டாம் எண்டு தமிழ் ரீச்சர் சொன்னவா. அப்பான்ர படத்தை அம்மா எடுத்து ஒளிச்சுப்போட்டா. அதால இதைக் கொண்டுபோகப் போறன். உங்கட வானில ஏத்தலாமோ அன்ரி?”

“அப்பா செத்திட்டார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. ரிவியில சனம் ஓடுறதைக் காட்டேக்க, அப்பா நிக்கிற இடம் இதுவோ எண்டு அம்மாட்டைக் கேட்டனான். அம்மா ஒண்டும் சொல்லேல்லை. ரிவியை நிப்பாட்டிப்போட்டு அழுதவா. அப்ப ஓம்தானே.”

நான் வாயைத் திறக்குமுன் அவள் என் கையைத் தொட்டாள்.

“அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, எனக்குத் தெரியும் எண்டு. அவ இன்னும் கூட அழுவா.”

பிள்ளை அழவில்லை. தாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தாய் பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு ஒரு பொய் சொன்னாள், பிள்ளை தாயைக் காப்பாற்றுவதற்கு அந்தப் பொய்க்குள்ளே தனியாக நின்று தகப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். நடுவிலே ‘விளங்கும்’ என்று சொன்ன நான்.

வான் பழுது, ஞாயிற்றுக்கிழமை ஏலாது என்று சொல்லலாம். மூன்றாவது பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் எனக்கு என்மேலேயே பயம் வந்தது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். ‘உன் அப்பா சாகவில்லை’ என்று அந்த நிமிடமே அவளைக் கட்டிப்பிடித்துச் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது. அது இரக்கமா, என் பாரத்தை இறக்கிவைக்கும் அவசரமா என்று எனக்கே தெரியவில்லை. “கொஞ்சம் பொறு, நான் இண்டைக்கே வந்து உன்னோட கதைக்கிறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பொறுப்பாளரைப் பின்னறைக்கு அழைத்துப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ‘தெரியும்’ என்று நான் சொன்ன அந்த நாளில் இருந்து. அவர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“எனக்கு ஆறு வயது” என்றார். “நாடு விடுபட்ட செய்தி வந்து எல்லா வீட்டு ஜன்னல்களிலும் மெழுகுதிரி எரிந்தது. அடுத்த நாள் காலையில் ஆட்கள் வந்து என் அப்பாவை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் ஜேர்மன்காரருக்கு வேலை செய்தவர். அப்பா கப்பலில் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். ஒரு வருடம் நான் ஒவ்வொரு நாளும் கப்பல் வரைந்தேன். உண்மையை எனக்குச் சொன்னது பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பிள்ளை, மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்க.”

பத்து வருடம் ஒன்றாக வேலை செய்திருக்கிறோம், இதை அவர் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“நீ அழுவது பிறகு. அம்மாவின் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது?”

“நானே இப்போது பிள்ளையிடம் சொல்லிவிடட்டுமா?”

“இல்லை. நீ சொன்னால் அம்மா வெறும் பொய்காரியாக நின்றுவிடுவாள். அவளே சொன்னால், பொய் சொன்னாலும் பிறகு உண்மையைச் சொன்ன அம்மா அவள். அந்தப் பிள்ளை இன்னும் பத்து வருடம் அவளோடுதானே இருக்கவேண்டும்.”

உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய புத்திமதி ஏதாவது இருந்தால் அது அவர் சொன்ன இந்த நான்கு வரிதான். உண்மையைச் சொல்லவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். யார் வாயால் சொல்லவேண்டும் என்று நெருக்கடியில் நின்று யோசிக்கத் தெரிவதுதான் எங்கள் வேலை.

அவர் பட்டறையைப் பார்த்துக்கொள்ள, நான் வானை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். சுகந்தி சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டாள்.

“பிள்ளைக்கு என்ன?”

சொன்னேன். மாலையைப் பற்றிச் சொன்னபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, நான் மாமியை நினைச்சல்லோ அழுதனான். மாமி உண்மையா அங்கதானே இருந்தவா. இவர் செத்திட்டார் எண்டு நினைக்கும் எண்டு நான் கனவிலயும்...”

“வாங்கோ, இப்பவே போய்ச் சொல்லுவம்.”

“ஏலாது அக்கா. என்னை மன்னிக்கமாட்டாள். ஹோலில எல்லாருக்கும் தெரிஞ்சுபோம். நீங்கள் எப்பிடியாவது சொல்லிச் சமாளியுங்கோவன். அப்பா தப்பியிட்டார், காம்பில இருக்கிறார் எண்டு சொல்லுவமே?”

அந்த நேரத்திலும் இன்னொரு பொய். அவளைத் திட்ட எனக்கு என்ன தகுதி? ஆனாலும் குரல் உயர்ந்துவிட்டது.

“சுகந்தி, உங்கட பிள்ளை பதினைஞ்சு நாளாத் தேப்பன் இல்லாத பிள்ளையா இருக்கிறாள். நீங்கள் அழக்கூடாது எண்டு தானும் அழாமல் இருக்கிறாள். இன்னும் எத்தினை நாளைக்கு விடப்போறியள்?”

அவள் மேலங்கியைக் கழற்றவே இல்லை. அப்படியே வந்து வானில் ஏறினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஐந்து மணி வெயில் அறை முழுக்கக் கிடந்தது. நிவி கதவின் முன்னால் நின்றாள், பொறுப்பாளர் தள்ளி இருந்தார். சுகந்தி பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் இருந்து மாலையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“நிவி, அப்பா வன்னிக்குப் போகேல்லை. அம்மா உனக்குப் பொய் சொன்னனான்.”

“அப்படியென்றால் எங்கே?” என்று நிவி டேனிஷில் கேட்டாள். தாயோடு அவள் எப்போதும் டேனிஷில்தான் பேசுவாள்.

“இங்கதான். யூலண்டில. சிறையில இருக்கிறார்.” தமிழில் சொன்னவள், மழுப்புவதற்கு இடமில்லாமல் டேனிஷிலும் அதைச் சொன்னாள். கார், குடி, சைக்கிளில் வந்த பெண், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

நிவி முழுவதையும் கேட்டாள். பிறகு தாயிடம் தமிழில் கேட்டாள்.

“உயிரோட இருக்கிறாரோ?”

“ஓம் அம்மா. ஓம். உயிரோட இருக்கிறார்.”

அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது. அவ்வளவு நாள் அழாததையும் சேர்த்து அழுதது. சுகந்தி கட்டிப்பிடிக்கப் போக, முதலில் தள்ளிவிட்டாள். பிறகு அவளே போய் மடியில் விழுந்தாள். அழுகை அடங்கியதும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“எப்ப இருந்து?”

“முதல் நாளில இருந்து.”

அவள் பொறுப்பாளரிடம் திரும்பி டேனிஷில் கேட்டாள். “உனக்கு?”

“இன்றைக்குத்தான்” என்றார் அவர். நிவி எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அடுத்த புதன்கிழமை அவள் வந்தாள். வராமல் விட்டுவிடுவாள் என்று பயந்திருந்தேன். அதற்குள் தாயும் மகளும் யூலண்டுக்கு ரயிலில் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வெள்ளை வர்ணத்தை எடுத்து மாலையின் மேல் பூசினாள். காயவிட்டு இன்னொரு பூச்சு. பிறகும் ஒன்று. செம்மஞ்சள் மேலே வந்துகொண்டே இருந்தது.

“ரெஜினா” என்று கூப்பிட்டாள். “வேறு வெள்ளை இருக்கிறதா?”

டேனிஷில் கேட்டாள். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் ஒரு கணம் நின்றேன். அதற்குப் பிறகு அவள் என்னை அன்ரி என்று கூப்பிடவில்லை. கோபத்தில் என்றால் சில நாளில் தீர்ந்திருக்கும். அது கோபம் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு நான் யாரோ, அவளுக்கும் இனி நான் அதுதான்.

ஜூன் கடைசியில் கதவுகள் நூலகத்தின் முன்னால் நின்றன. அன்றைக்குத் தகப்பனுக்கு ஒருநாள் விடுப்புக் கிடைத்திருந்தது. படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தான். எங்கள் சனம் நான்கைந்து பேர் நின்றார்கள், சுகந்தி அவர்கள் முன்னாலேயே அவன் பக்கத்தில் நடந்து வந்தாள். அவன் தன் உயரத்தில் நின்ற அந்தக் கதவைப் பார்த்துச் சிரித்தான். கிட்டப் போய்க் கழுத்துக்கு மேலே விரலால் தடவினான். மூன்று பூச்சு வெள்ளைக்கு அடியில் மாலை மங்கலாகத் தெரிந்தது.

“இது என்ன பிள்ளை? முதல் வேற என்னவோ கீறியிருக்கிறாய் போல?”

சுகந்தி நிலத்தைப் பார்த்தாள். நிவி என்னைப் பார்த்தாள். நீண்ட நாளுக்குப் பிறகு என்னோடு தமிழில் பேசினாள்.

“நீங்கள் சொல்லுங்கோ, ரெஜினா.”

அத்தனை பேருக்கு நடுவே சொன்னேன். என் பங்கையும் விடாமல் சொன்னேன். அந்த மனிதன் முடியும்வரை கேட்டான். அவன் ஓட்டிய காரால் ஒரு பெண் இறந்திருக்கிறாள், அதன் பாரம் அவன் முகத்தில் ஏற்கெனவே இருந்தது. இப்போது தன் மகள் தனக்குப் போட்ட மாலைக்கு முன்னால் நின்றான். முழந்தாளில் இருந்து அவளுடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். அது அவிழ்ந்திருக்கவில்லை. அவள் காலை அசைக்காமல் நின்றாள்.

கதவின் மற்றப் பக்கத்தை அவர்கள் பிறகு வரைந்தார்களா என்று எனக்குத் தெரியாது. கதவை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றுவதற்கு என் வானைக் கேட்கவில்லை. என் தம்பி முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று ஜூலையில் தகவல் வந்தது. அன்று நான் அழுதபோது நிவி அழுத அழுகை என் காதுக்குள் கேட்டது.

உங்களிடமும் ஒரு தாய் வருவாள். கையைப் பிடித்துக்கொண்டு ‘நீங்கள் எங்கட ஆள்தானே’ என்பாள். உங்களுக்கு அது தேனாக இருக்கும், ஏனென்றால் இந்த நாட்டில் அதைச் சொல்ல எங்களுக்கு அதிகம் பேர் இல்லை. அவளை வெறுக்காதீர்கள். அவளோடு இருந்து தேத்தண்ணி குடியுங்கள். பிள்ளையிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று பத்துத் தரம் சேர்ந்து யோசியுங்கள். ஆனால் அந்த மேசையில் நீங்கள் முதலில் பிள்ளையின் ஆள்.

இதை எழுதி முடித்ததும் நிவிக்கு அனுப்பினேன். அவள் சம்மதிக்காமல் இதை உங்களுக்குத் தருவதில்லை என்று இருந்தேன். இப்போது ஓகூஸ் நகரத்தில் மின்சார வேலை செய்கிறாள், நல்ல கெட்டிக்காரி என்று கேள்வி. மூன்று நாள் கழித்து டேனிஷில் பதில் வந்தது. கொடுக்கலாமாம், பெயரையும் மாற்றவேண்டாமாம். ஒரு திருத்தம் மட்டும் சொல்லியிருந்தாள்.

“ரெஜினா, நான் அப்பா இல்லாத பிள்ளையாக இருந்த நாட்களைப் போர் முடிந்த நாளில் இருந்து நீ எண்ணியிருக்கிறாய். அம்மா ரிவியை நிப்பாட்டிவிட்டு அழுத நாளில் இருந்து எண்ணவேண்டும். பதினைந்து நாள் இல்லை. பத்தொன்பது.”

மேலே நான் எழுதியதை மாற்றவில்லை. பிழை பிழையாகவே இருக்கட்டும்.